உறைந்த ஏரியும் அணைக்கரையும்

அமெரிக்காவின் மினசோட்டாவிலிருந்து மகள் வீடியோ அனுப்பியிருந்தாள். ஏரி முழுக்கப் பனிக்கட்டி. அதன்மேல் கார் ஓடுகிறது! பதறிப்போய் போன் செய்தேன். "ஓரடிக்கு மேல் கெட்டிப்பட்டிருக்கிறது அப்பா" என்று சிரிக்கிறாள். துளைபோட்டுத் தூண்டிலும் இறக்குகிறார்களாம்.

அடியில் மீன்கள் உயிரோடுதான் இருக்கின்றன. 4 டிகிரியில் தண்ணீருக்கு அடர்த்தி அதிகம். அது கீழே தங்கிவிட, லேசான பனிக்கட்டி மேலே மிதந்து போர்வையாகிவிடுகிறது. பள்ளியில் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிய பாடம், ஐம்பது வயதுக்குமேல்தான் உறைக்கிறது.

நான் நின்றிருந்தது கிருஷ்ணகிரி அணைக்கரையில். மார்கழி மூடுபனியில் எதிர்க்கரையே தெரியவில்லை. மஃப்ளர் சுற்றியும் காது விறைக்கிறது. (இதைச் சொன்னால் மகள் இன்னும் சிரிப்பாள்.) மீன் வறுக்கும் கடைகளில் இன்னும் அடுப்பு பற்றவைக்கவில்லை. அதுவரை இரண்டாவது டீ.