கேனிங் மலைக்கு அடியில

சிங்கப்பூர் ஃபோர்ட் கேனிங்ல பேட்டில்பாக்ஸ் உள்ள இறங்க இறங்க மேல கேட்ட குருவிச் சத்தம் அப்படியே நின்னுபோச்சு.

1930கள் கடைசில பிரிட்டிஷ்காரன் தோண்டின பங்கர், மலாயா, சிங்கப்பூரைக் காத்த பிரிட்டிஷ் படையான மலாயா கமாண்டோட போர்த் தலைமையகம். ஒரு ரூம்ல மேஜையைச் சுத்தி பொம்மை ஆபீசர்ங்க, எல்லா மூஞ்சியும் தொங்கிக் கிடக்கு. ஜன்னல்னு ஒண்ணு கிடையாது.

1942 பிப்ரவரி 15 காலைல அந்தப் படைத் தளபதி ஜெனரல் பெர்சிவல் ஜப்பான்காரன்கிட்ட சரணடையலாம்னு முடிவெடுத்தது இங்கதான், அன்னைக்கு சீனப் புத்தாண்டு வேற, சாயங்காலமே புக்கிட் தீமா ஃபோர்டு ஃபேக்டரில கையெழுத்தும் போட்டாச்சு.

எனக்கு மேஜையில இல்லாதவங்க ஞாபகம்தான். ஆயிரக்கணக்கான இந்தியச் சிப்பாய்ங்க. பிப்ரவரி 17 அவங்களை ஃபேரர் பார்க்குக்கு வரவழைச்சு, வெள்ளைக்கார ஆபீசர்ங்கள்ட்ட இருந்து பிரிச்சு, ஜப்பான்காரன்கிட்ட தனியா ஒப்படைச்சாங்க. ஐஎன்ஏ, அதான் இந்திய தேசிய ராணுவத்தோட கதை அந்த மைதானத்துலதான் ஆரம்பம்.