பாதி டேங்கில் நிற்கும் இன்ஜின்

என் ஆர்சி (ரேடியோவில் இயக்கும் மாடல்) பயிற்சி விமானத்தில் இருப்பது 46 அளவு குளோ இன்ஜின்; தீப்பொறி இல்லாமல், பிளக்கின் தணல் சூட்டில் எரிபொருளைப் பற்றவைக்கும் வகை. 7.5 சிசி, டூ ஸ்ட்ரோக். 40 தடவை பறந்தும் ஒருநாள்கூட முரண்டு பிடித்ததில்லை. நான் சும்மா இருந்திருக்கலாம். டேங்கைக் கழற்றி, உள்ளே விறைத்துப் போயிருந்த சிலிக்கோன் டியூபையும் பித்தளைக் குழாயையும் புதிதாக மாற்றினேன்.

41வது பறப்பு. ஏறும்போது ஒரு குறையும் இல்லை. ஐந்தாவது நிமிடம், சத்தம் கீச்சென்று உயர்ந்தது. அடுத்த நொடி அமைதி. ஓடுபாதைப் பக்கம் திருப்பக் கை துறுதுறுத்தது. உயரம் போதாது. மூக்கைக் கொஞ்சம் தாழ்த்தி, வேகம் விழாமல் பார்த்துக்கொண்டு, நேராகப் புல்லில் இறக்கினேன். ப்ரொப்பெல்லர் உடைந்தது, முன் சக்கரக் கம்பி வளைந்தது.

நிற்பதற்கு முன் இப்படிக் கத்தினால், எரிபொருள் குறைந்து காற்று அதிகமாகப் போகிறது என்று அர்த்தம். இந்த வகை இன்ஜினுக்குத் தனி ஆயில் கிடையாது. எரிபொருளான மெத்தனாலில் கலந்து வரும் எண்ணெய்தான் பிஸ்டனுக்கு மசகு. எரிபொருள் குறைந்தால் அதுவும் குறையும், சூடும் ஏறும். அந்தப் பயத்தில், எரிபொருள் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஊசியை நாலு கிளிக் திறந்துவிட்டேன். பிளக்கையும் மாற்றினேன். முழு த்ராட்டிலில் வைத்து மூக்கை வானத்தைப் பார்க்கத் தூக்கிப் பிடித்தேன், பிசகே இல்லை.

42வது பறப்பு: அதே ஐந்தாவது நிமிடம். இந்தமுறை ஓடுபாதைக்கு நேராக இருந்ததால் சேதமில்லை.

டேங்கைத் தண்ணீரில் முக்கி ஊதிப் பார்த்தேன், ஒரு குமிழி இல்லை. கார்புரேட்டர் திருகு, பின்மூடித் திருகு எல்லாம் இறுக்கமாகவே இருந்தன. இரண்டு நாள் இன்ஜினையே சந்தேகப்பட்டுக்கொண்டு இருந்தேன்.

பிறகுதான் உறைத்தது: ஒவ்வொரு சோதனைக்கும் முன்னால் டேங்கை நிரப்பியிருக்கிறேன்! விமானத்தைக் கட்டிப்போட்டு, நிரப்பாமல் ஓடவிட்டேன். டேங்க் பாதிக்கு வந்ததும், கார்புரேட்டருக்குப் போகும் டியூபுக்குள் பாசிமணி கோத்தது போலக் குமிழிகள்.

ஓட்டை டேங்கில் இல்லை, டேங்குக்கு உள்ளே. எரிபொருளை உறிஞ்ச, நுனியில் எடைக்குண்டு தொங்கும் டியூபை வெளியே எடுத்து, குண்டின் வாயை விரலால் அடைத்து, தண்ணீரில் வைத்து ஊதினேன். பித்தளைக் குழாய்மேல் டியூப் ஏறி உட்காரும் இடத்தில் நூல் மாதிரி குமிழி கிளம்பியது. நகக்கீறல் அளவுக்கு ஒரு வெட்டு. குழாயை ரம்பத்தால் அறுத்த நான் விளிம்பின் பிசிறை எடுக்கவில்லை. அது டியூபைக் கிழித்திருக்கிறது. டேங்க் நிறைந்திருக்கும்போது அந்த வெட்டும் எரிபொருளில் மூழ்கி இருப்பதால் ஒன்றும் தெரியாது. மட்டம் இறங்கியதும் அது காற்றைக் குடிக்க ஆரம்பித்துவிடும்.

2001 ஆகஸ்டில் அட்லாண்டிக்குக்கு மேல் ஓர் ஏ330 விமானத்தின் இரண்டு இன்ஜின்களும் நின்றுபோயின. இன்ஜின் மாற்றும் வேலையில் பொருந்தாத ஹைட்ராலிக் குழாயை மாட்டியதில், அது எரிபொருள் குழாயோடு உரசி உடைத்துவிட்டது. 306 பேரோடு அசோர்ஸ் தீவுவரை சறுக்கியே கொண்டுபோய் இறக்கினார்கள், எல்லோரும் பிழைத்தார்கள். அதன் முன்னால் என் கதை கொசு. ஆனாலும் அறிக்கையைப் படித்தபோது வயிற்றைப் பிசைந்தது.

புதுக் குழாயை அறுத்து, உள்ளும் வெளியும் அரம் போட்டு, நைஸ் தாளில் தேய்த்தேன். காது குடையும் பஞ்சுக் குச்சியை விளிம்பில் சுற்றிப் பார்த்தேன். முதல் தடவை பஞ்சு இழை மாட்டியது, மறுபடி தேய்த்தேன். மூன்றாம் தடவை வழுக்கிக்கொண்டு போனது.

43வது பறப்பு: புகையோ புகை. பயத்தில் திறந்துவிட்ட அந்த நாலு கிளிக்கை மறந்தே போயிருந்தேன். இறக்கி, ஊசியைப் பழைய இடத்துக்கு மூடிவிட்டு மறுபடி ஏற்றினேன். ஒன்பது நிமிடம் ஓடியது. முன் சக்கரக் கம்பியைக் கையாலேயே நிமிர்த்தி வைத்திருக்கிறேன். தரையில் இன்னும் இடதுபக்கம் இழுக்கிறது.