வெள்ளி முதல் திங்கள் வரை

ஜனவரி 9, வெள்ளி

வங்கிக் கணக்கில் மைனஸ் 614 பவுண்டு. சம்பளத்துக்கு இன்னும் மூன்று வாரம்.

ஜனவரி 12, திங்கள்

ஸ்டேட்மென்ட் வந்துவிட்டது. ஓவர்டிராஃப்ட், அதாவது கணக்கில் பணம் தீர்ந்த பிறகும் ஒரு லிமிட் வரை வங்கி எடுக்க விடுகிற கடன், அதற்கு வட்டி மட்டும் 21 பவுண்டு 38 பென்ஸ். போன மாதமும் கிட்டத்தட்ட இதேதான். இந்தப் பணத்தில் நான் எதையும் வாங்கவில்லை, யாருக்கும் அனுப்பவில்லை. மைனஸில் இருந்ததற்கு விலை, அவ்வளவுதான்.

ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஆண்டுக்கு 39.9 சதவீதம். அதாவது 100 பவுண்டு மைனஸ் என்றால் நாளுக்கு ஒன்பது பென்ஸுக்குக் கொஞ்சம் மேலே. 2020 ஏப்ரலுக்கு முன்னால் பல வங்கிகள் நாளுக்கு இவ்வளவு என்று நிலைக் கட்டணம் வாங்கின. லிமிட்டைத் தாண்டினால் அதற்குத் தனியாகப் பிடித்தார்கள். வங்கிகளைக் கண்காணிக்கிற பிரிட்டிஷ் அமைப்பான எஃப்.சி.ஏ. அதை நிறுத்தி, ஒரே ஆண்டு வட்டிதான் இருக்க வேண்டும், லிமிட்டைத் தாண்டினாலும் கூடுதலாக வாங்கக்கூடாது என்று விதி போட்டது. நல்ல விதி. முன்பு பத்து பவுண்டு தாண்டினவர் எவ்வளவு கட்டியிருப்பார் என்று நினைத்தாலே பயமாக இருக்கிறது. ஆனால் அதற்குப் பிறகு பெரிய வங்கிகள் பலவும் 40 சதவீதத்தை ஒட்டியே வந்து நின்றுவிட்டன. இங்கிருந்து எழுந்து பக்கத்து வங்கிக்குப் போனாலும் அதே 40. அப்புறம் எதற்கு மாற வேண்டும்?

ஆனாலும் மாற வேண்டும் என்றுதான் தோன்றுகிறது. இந்த வங்கி ஆப்பைத் திறக்கவே மனம் வரவில்லை.

ஜனவரி 13, செவ்வாய்

இவருக்கு வேலை விஷயமாக இன்னும் தேதி சொல்லவில்லை.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். அம்மாவிடம் ரொம்ப நேரம் பேசினேன். பணத்தைப் பற்றி அவர்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கவுன்சில் டாக்ஸ், வீட்டுக்கான உள்ளாட்சி வரி, போய்விட்டது. பத்து தவணையில் இதுதான் கடைசி. பிப்ரவரியும் மார்ச்சும் கிடையாது. இரண்டு மாதம் கொஞ்சம் மூச்சு விடலாம்.

ஜனவரி 17, சனி

காலையிலிருந்து இதே யோசனை. கரண்ட் அக்கவுண்ட், அதாவது சம்பளம் விழுகிற அன்றாடக் கணக்கு, அதை வேறு வங்கிக்கு மாற்றுவது அப்படியொன்றும் பெரிய வேலை இல்லை. 2013-இல் இருந்து இதற்கென்றே ஒரு ஏற்பாடு இருக்கிறது. புது வங்கியில் சொன்னால் போதும், ஏழு வேலை நாளில் டைரக்ட் டெபிட், ஸ்டாண்டிங் ஆர்டர் என்று கணக்கிலிருந்து தானாகப் போகிற பணம் எல்லாவற்றையும் அவர்களே எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். பழைய அக்கவுண்டுக்கு வருகிற சம்பளம்கூடத் தானாகப் புதியதற்குத் திரும்பிவிடும். அவர்கள் பக்கம் தவறு நடந்து வட்டியோ கட்டணமோ விழுந்தால் அதைத் திருப்பித் தந்துவிட வேண்டும். மாறி வருகிறவர்களுக்கு நூற்றைம்பது, நூற்று எழுபத்தைந்து பவுண்டு கொடுக்கிற வங்கிகளும் இருக்கின்றன. அந்தத் தொகையைப் பார்த்ததும் அப்பாவின் ஊசி மருந்துதான் ஞாபகம் வந்தது.

கார்டு நம்பரைக் கொடுத்து மாதாமாதம் போகிற பணம் மட்டும் தானாக மாறாது. போனுக்கும் ஊருக்குப் பணம் அனுப்புகிற ஆப்புக்கும் நானேதான் புது கார்டைக் கொடுக்க வேண்டும். பழைய அக்கவுண்டை மூடினால் ஆப்பும் போய்விடும். அதற்கு முன்னால் ஸ்டேட்மென்ட் எல்லாவற்றையும் இறக்கி வைத்துவிட வேண்டும். கோடையில் இவருடைய வீசா விண்ணப்பம் இருக்கிறது. ஆறு மாத ஸ்டேட்மென்ட் கேட்பார்கள், ஒவ்வொன்றிலும் என் சம்பளம் விழுந்தது தெரிய வேண்டும். நடுவில் வங்கியை மாற்றினால் இரண்டு இடத்துத் தாள்களையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். கொடுக்கலாம். ஆனால் அந்த ஆறு மாதமும் மைனஸ், மைனஸ் என்று இருப்பதை யாரோ ஒருவர் மேசையில் வைத்துப் புரட்டுவார். வருமானத்தைத்தான் பார்ப்பார்கள், மீதியைப் பார்க்கமாட்டார்கள் என்று இவர் சொல்கிறார். சரி.

ஜனவரி 21, புதன்

மைனஸ் 1,012. தூக்கம் வரவில்லை.

ஜனவரி 27, செவ்வாய்

பஸ்ஸில் போகும்போது மெசேஜ். இன்று போக வேண்டிய பேமென்ட்டுக்குப் பணம் போதவில்லை, மதியம் 2 மணிக்குள் போட்டுவிடுங்கள் என்று. கரண்ட், கேஸ் பில். லிமிட் 1,250. பில் போனால் முப்பது பவுண்டு தாண்டிவிடும்.

இப்படி மெசேஜ் அனுப்பி அவகாசம் கொடுப்பதும் விதியால் வந்ததுதான். அது இல்லையென்றால் பேமென்ட் திரும்பிவிட்டது என்பது சாயங்காலம்தான் தெரிந்திருக்கும். இதை நான் குறையாகச் சொல்லவே மாட்டேன். ஆனால் அந்த மெசேஜைப் படித்த நிமிடம் பஸ்ஸில் எல்லோரும் என்னையே பார்ப்பது போல இருந்தது.

வேலையிடத்து அக்காவிடம் கேட்டேன். உடை மாற்றும் அறையில் லாக்கரைப் பூட்டிக்கொண்டிருந்தார். எவ்வளவு என்று மட்டும் கேட்டார். நாற்பது என்றேன். கையுறையைக் கழற்றி, போனை எடுத்து, என் வங்கியின் அடையாள எண்ணான சார்ட் கோடை ஒவ்வொரு எண்ணாகத் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்து அனுப்பினார். லிஃப்ட்டுக்கு நடப்பதற்குள் பணம் வந்துவிட்டது. "வெள்ளிக்கிழமை தந்துவிடுகிறேன் அக்கா" என்றேன். "அதைப் பிறகு பார்க்கலாம், முதல்ல சாப்பிட்டியா?" என்றார்.

கழிப்பறைக்குப் போய் அழுதேன்.

ஜனவரி 30, வெள்ளி

சம்பளம். ப்ளஸ் 698. அக்காவுக்கு 40 அனுப்பிவிட்டேன்.

ஜனவரி 31, சனி

ப்ளஸ். இன்று வட்டி இல்லை.

பிப்ரவரி 2, திங்கள்

ஒன்றாம் தேதி ஞாயிறு என்பதால் வாடகை இன்றுதான் போனது. 950. மறுபடி மைனஸ்.

மாதத்தில் இந்த வெள்ளி முதல் திங்கள் வரைதான் நான் ப்ளஸில் இருக்கிறேன். அதுவும் இந்த முறை ஞாயிறு குறுக்கே வந்த புண்ணியம். முழுசாக மாற வேண்டுமென்றால் பழைய அக்கவுண்டின் மைனஸை அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் புது வங்கி அந்த அளவுக்கு ஓவர்டிராஃப்ட் தர வேண்டும். மைனஸோடு அக்கவுண்டை மூட முடியாது. மூன்று நாள் ப்ளஸை வைத்துக்கொண்டு ஏழு வேலை நாள் வேலையை எப்படி முடிப்பது?

பிப்ரவரி 3, செவ்வாய்

அப்பாவுக்கு 120 அனுப்பினேன். இதை மட்டும் குறைக்கமாட்டேன். இவரும் குறைக்கச் சொல்லமாட்டார்.

பிப்ரவரி 5, வியாழன்

வட்டியில்லாமல் முதல் 250 பவுண்டு தருகிற ஒரு வங்கியின் பக்கத்தில், ஓவர்டிராஃப்ட் கிடைக்குமா என்று பார்க்கிற படிவத்தை நிரப்பினேன். இது வெறும் பார்வைதான், என் கடன் வரலாற்றைக் காட்டுகிற கிரெடிட் ரிப்போர்ட்டில் மற்றவர்களுக்குத் தெரியாது. உண்மையாகவே விண்ணப்பித்தால்தான் பதிவாகும். மாத வருமானம் என்ற கட்டத்தில் என் சம்பளத்தை எழுதிவிட்டு ரொம்ப நேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன். இவர் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். என்ன எழுதினாய் என்று கேட்கவில்லை.

மொத்தம் 500 வரை கிடைக்கலாம் என்று வந்தது. எனக்கு வேண்டியது 1,250.

பிப்ரவரி 6, வெள்ளி

தேதி சொல்லவில்லை. அழைத்தால் அடுத்த வாரம் என்கிறார்கள்.

பிப்ரவரி 8, ஞாயிறு

இன்னொரு வழி இருக்கிறதே என்று நேற்று தோன்றியது. பழையதை மூடாமல் அப்படியே விட்டுவிட்டு, புதிதாக ஒரு அக்கவுண்ட் திறந்து சம்பளத்தையும் பில்களையும் மட்டும் அங்கே கொண்டுபோவது. மனசுக்கு ரொம்ப நன்றாக இருந்தது. இன்று பேப்பரில் போட்டுப் பார்த்தேன்.

இப்போது சம்பளம் விழுந்து வாடகை போனதும் மைனஸ் 250-க்கு வந்து, பிறகு மெல்ல மெல்ல 1,240-க்கு இறங்குகிறது. சராசரி எழுநூற்றுச் சொச்சம். அதனால்தான் வட்டி இருபதை ஒட்டி நிற்கிறது. மாதக் கடைசியில் சம்பளத்தைத் திருப்பிவிட்டால் பழைய அக்கவுண்ட் முப்பது நாளும் 1,240-லேயே கிடக்கும். நாளுக்கு 1 பவுண்டு 14 பென்ஸ், மாதம் 34. வட்டியைக் குறைக்கப் போய்க் கூட்டிக்கொள்கிற கதை. போதாததற்குச் சம்பளம் வருவது நின்றதைப் பார்த்து அவர்கள் லிமிட்டையே குறைத்துவிட்டால்? ஓவர்டிராஃப்ட் கேட்ட நேரத்தில் திருப்பித் தர வேண்டிய கடன் என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறது.

அந்த வட்டியில்லாத 250-க்காக மாறினால் மிச்சமாகப் போவது நாளுக்கு 23 பென்ஸ், மாதம் ஏழு பவுண்டு. அதற்கும் முதலில் 1,240-ஐ அடைக்க வேண்டும்.

பேப்பரைக் கிழிக்கவில்லை. மடித்து இந்த நோட்டுக்குள் வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 11, புதன்

வங்கியிலிருந்து கடிதம். உறையைப் பார்த்ததும் லிமிட்டை எடுத்துவிட்டார்கள் என்றே நினைத்துவிட்டேன். அப்படி இல்லை. நீங்கள் தொடர்ந்து ஓவர்டிராஃப்டில் இருக்கிறீர்கள், செலவு உங்களுக்கு அதிகமாகிக்கொண்டிருக்கலாம், எங்களிடம் பேசுங்கள் என்று எழுதியிருக்கிறார்கள். அடிக்கடி மைனஸில் இருப்பவர்களைக் கண்டுபிடித்து அவர்களாகவே இப்படிப் பேச வேண்டும் என்பதும் எஃப்.சி.ஏ. விதிதான். தெரிந்தும் கை நடுங்கியது.

பிப்ரவரி 13, வெள்ளி

பேசினேன். அரை மணி நேரம் காத்திருந்த பிறகு ஒரு பெண். குரலில் அவசரமே இல்லை. வரவு, வாடகை, சாப்பாடு, பஸ், ஊருக்கு அனுப்புவது என்று எல்லாம் கேட்டாள். ஊருக்கு அனுப்புவதை ஏன் என்று கேட்டுவிடுவாளோ என்று பயந்தேன். கேட்கவில்லை, எழுதிக்கொண்டாள்.

சொன்னது இதுதான். ஓவர்டிராஃப்டைத் தவணையாக அடைக்கிற ஏற்பாடு செய்யலாம். வட்டியை நிறுத்திவிடுவார்கள். லிமிட் மாதம் 50 பவுண்டு குறைந்துகொண்டே வரும். இந்த ஏற்பாடு கிரெடிட் ரிப்போர்ட்டில் பதிவாகும், அது இருக்கும்வரை வேறு எங்கும் புதுக் கடன் கிடைப்பது கஷ்டம். யோசித்துச் சொல்லுங்கள் என்றாள்.

வட்டி நிற்கும் என்று அவள் சொன்னபோது இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். சொன்னாள்.

பிப்ரவரி 14, சனி

இவருக்குப் பிடிக்கவில்லை. ரிப்போர்ட்டில் கறை விழும், வேலை வந்ததும் இரண்டே மாதத்தில் அடைத்துவிடலாம், அதுவரை பொறு என்கிறார். யாரிடம் கடன் கேட்கப் போகிறோம் என்று கேட்டேன். பேசாமல் கீழே போய்விட்டார்.

இருபது பவுண்டு வட்டி மாதாமாதம் போகிற வரை எந்த வங்கியில் இருந்தாலும் ஒன்றுதான். இந்த மைனஸ் இருக்கிற வரை என்னால் எங்கும் மாறவும் முடியாது. முதலில் வட்டி நிற்கட்டும். ரிப்போர்ட் பிறகு சரியாகும்.

பிப்ரவரி 15, ஞாயிறு

தேநீர் போட்டுக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "உனக்கு எது சரின்னு படுதோ அதைச் செய்ம்மா" என்றார்.

பிப்ரவரி 16, திங்கள்

அழைத்துச் சம்மதம் சொல்லிவிட்டேன். இன்றிலிருந்தே வட்டி இல்லை. கவுன்சில் டாக்ஸ் போகாத பணத்தில் பிப்ரவரி, மார்ச் தவணைகளைக் கட்டிவிடலாம். ஏப்ரலில் டாக்ஸ் மறுபடி ஆரம்பிக்கும். பத்துக்குப் பதிலாகப் பன்னிரண்டு தவணையாகப் பிரித்துத் தரச் சொல்லிக் கேட்க நமக்கு உரிமை உண்டு. கவுன்சிலுக்கு இன்று இரவே எழுதிவிட வேண்டும்.