ஆற்றில் இறங்கிய அட்டைக் குதிரை

பெரியப்பா மகன் ஒரு பென் டிரைவை நீட்டி, "எல்லாச் சித்திரைப் படமும் இதுல இருக்குக்கா. அப்பத்தாவுக்கு ஒரு ஆல்பம் போட்டுக் குடுத்துரு" என்றான். கூடவே ஒரு மஞ்சப்பை. உள்ளே ஸ்டூடியோக்காரர் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள் கொஞ்சம், அப்பா சேர்த்து வைத்திருந்த நாள்காட்டித் தாள்கள் ஒரு கட்டு. மதுரைச் சித்திரைத் திருவிழாவில் அழகர் வைகை ஆற்றில் இறங்கிய நாளின் தாளை மட்டும் அப்பா வருஷா வருஷம் பத்திரப்படுத்துவார். அன்றைக்குச் சாமி என்ன நிறப் பட்டு உடுத்தி வந்தார் என்று அதில் பேனாவால் எழுதியிருப்பார். பச்சை. பச்சை. சிவப்பு. பச்சை. பச்சைப்பட்டு என்றால் அந்த வருஷம் வெள்ளாமை செழிக்கும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. மேலூர்ப் பக்கம் எங்களுக்கு நிலம் இருந்த காலம் அது.

கல்யாண வீடுகளுக்குப் போடுகிற கரிஷ்மா ஆல்பம் போட்டிருந்தால் வேலை சீக்கிரம் முடிந்திருக்கும். எல்லாப் பக்கமும் ஒரே சதுரம், ஒரே வழவழப்பு. ஆனால் அழகர் வருகிற பாதையில் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு கோலம் இருக்கிறது. மலையிலிருந்து கள்ளர் வேடத்தில் இறங்குகிறார், மூன்றுமாவடியில் மக்கள் எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை, தல்லாகுளத்தில் ஆண்டாள் மாலை, தங்கக்குதிரையில் வைகை, அப்புறம் சேஷ வாகனம், தேனூர் மண்டபத்தில் கருட வாகனம், ராமராயர் மண்டபத்தில் விடிய விடியத் தசாவதாரம், கடைசியில் பூப்பல்லக்கு. இதையெல்லாம் ஒரே சதுரத்துக்குள் அடைக்க மனசு வரவில்லை. பக்கங்களையே மலையாகவும் மண்டபமாகவும் குதிரையாகவும் வெட்டிவிடலாம் என்று தோன்றியது.

கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் பிரஸ்ஸில் டிசைனராக இருந்தவள் நான். கோரல் டிராவில் வரைவது கை பழகிய வேலை. கம்ப்யூட்டரில் வரைந்து பிரிண்ட் எடுப்பது பாதி, வெட்டி ஒட்டிக் கோர்ப்பது மீதி. உருவமாக வெட்ட பிரஸ்ஸில் டை போடுவோம். பிளைவுட்டில் இரும்பு பிளேடை வளைத்துச் சொருகி, அதை வைத்து அழுத்தி வெட்டுவது. ஆயிரம் பத்திரிகைக்கு அது கட்டுப்படியாகும். ஒரே ஒரு குதிரைக்கு டை செய்தால் குதிரை நிஜத் தங்கத்தின் விலைக்கு வரும். அதனால் லேசர் கட்டிங். பெரும்பாலும் அட்டை, இரண்டு பக்கம் மட்டும் கண்ணாடி மாதிரித் தெரியும் அக்ரிலிக் பிளாஸ்டிக்.

ஷீல்டு, மொமெண்டோ, பெயர்ப்பலகை செய்து கொடுக்கும் கடைகளில் லேசர் மெஷின் இருக்கும். முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டியது, அது சி.ஓ.2 (கார்பன் டை ஆக்சைடு) லேசரா என்பது. நீல ஒளி டயோடு மெஷின்கள் அட்டையை வெட்டும். நிறமில்லாத அக்ரிலிக்கை வெட்டாது, ஒளி அப்படியே ஊடுருவிப் போய்விடும். நான் போன கடையில் ஆர்டர்கள் வெட்டியதுபோக மிஞ்சிய அக்ரிலிக் துண்டுகள் ஒரு மூலையில் குவிந்து கிடந்தன. 8 அங்குலப் பக்கத்துக்கு அவையே தாராளம். 2 மில்லிமீட்டர் கனம் எடுத்தேன். அதைவிடக் கனமானால் ஆல்பத்தைத் தூக்க ஆள் வேண்டும்.

அட்டைக்கு 2 மில்லிமீட்டர் கிரே போர்டு. நோட்டு பைண்டிங் செய்கிறவர்களிடம் கிடைக்கும். மெஷினில் இருந்த தம்பி என் ஃபைலைப் பார்த்ததுமே, "அக்கா, முன்னங்காலு இம்புட்டு ஒல்லியா இருந்தா ஒடிஞ்சுருமே" என்றான். வாகனக் குதிரை முன்னங்கால்களைத் தூக்கித்தானே நிற்கும்? காலுக்கும் கழுத்துக்கும் நடுவே இருந்த இடைவெளியைத் துணி மடிப்பாக வரைந்து அடைத்துவிட்டேன். உருவ அட்டைகளுக்கு இதுதான் முதல் விதி. வெளிக்கோட்டில் அரை அங்குலத்துக்கும் குறைவாக எதுவும் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. வாலானாலும் கோபுரக் கலசமானாலும் புரட்டும்போது முதலில் மடங்குவது அதுதான். லேசர் வெட்டிய ஓரம் கருகும். வெட்டுமுன் மாஸ்கிங் டேப் ஒட்டினால் மேல்பரப்பில் புகைக்கறை படியாது; ஓரக் கருப்பை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் பாதி போகும். குதிரைக்கு அந்தக் கருப்பு ஓரம் அழகாகவே இருந்தது, விட்டுவிட்டேன்.

அட்டையில் தாள் ஒட்டும்போது முன்னால் மட்டும் ஒட்டிவிட்டு நிறுத்தக் கூடாது. பசையின் ஈரத்தில் தாள் விரிந்து, காயும்போது சுருங்கி அட்டையை அப்பளமாக வளைத்துவிடும். பின்பக்கமும் ஒட்டினால் இரண்டு இழுப்பும் சரியாகிவிடும். தாளைக் கொஞ்சம் பெரிதாக வெட்டி ஒட்டி, கனமான புத்தகங்களுக்கு அடியில் ஓர் இரவு வைத்து, காய்ந்தபின் கவிழ்த்துப் போட்டு பிளேடால் ஓரத்தை ஒட்டி அறுத்துக்கொள்ளலாம். பழைய பைண்டர்கள் மைதாப் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள், பூச்சி அண்டாமல் இருக்க. நான் ஃபெவிகால்தான். மெல்லிசாக, பிரஷ்ஷில்.

அக்ரிலிக் கதை வேறு. ஆற்றுப் பக்கம் மட்டும் என்னை உட்கார்த்தி வைத்து யோசிக்கவிட்டது.

நான் நினைத்தது இது: குதிரைப் பக்கத்துக்கு முன்னால் ஓர் அக்ரிலிக் பக்கம். அதன் கீழ்ப்பாதியில் வைகைத் தண்ணீர், மேல்பாதி வெறும் கண்ணாடி. மூடியிருக்கும்போது பார்த்தால் பின்னால் உள்ள குதிரை தண்ணீருக்குள் நிற்க வேண்டும். புரட்டினால் குதிரை கரையேறி முழுசாகத் தெரிய வேண்டும். சரி, புரட்டிய அந்தப் பக்கம் எங்கே போகும்? இடதுபுறம் போய், அதற்கு முந்தைய பக்கத்தின் முதுகில் படியும். அங்கே என்ன இருந்தாலும் அதன்மேலும் தண்ணீர் ஓடும். அதனால் அந்த முதுகில் தோல் பையிலிருந்து தண்ணீர் பீய்ச்சுகிறவர்களின் படங்களை வைத்தேன். ஒரே ஆறு இரண்டு பக்கத்துக்கும் ஓடியது. அட்டைப் பக்கத்தை ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டே போகலாம். கண்ணாடிப் பக்கத்தை வைத்தால் முன்னதும் பின்னதும் சேர்த்து மூன்று பக்கத்தையும் ஒன்றாக யோசித்தாக வேண்டும். அந்த யோசனை இல்லாமல் அழகுக்காகச் சொருகுகிற அக்ரிலிக், ஆல்பத்துக்கு எடை கூட்டுவதைத் தவிர வேறெதுவும் செய்யாது. முழு ஆல்பத்தையும் அக்ரிலிக்கிலேயே செய்கிறவர்களைப் பார்க்கிறேன். எனக்கு அது ஒத்துவராது.

அக்ரிலிக்கில் எது ஒட்டினாலும் பின்னாலிருந்து ஒட்டின தடம் தெரியும். பசைத் திட்டு, டேப்பின் ஓரம், எல்லாமே. வழி ஒன்றுதான்: முன்னால் ஒட்டியதன் அதே உருவத்தைப் பின்னாலும் ஒட்டி மறைப்பது. கம்ப்யூட்டர் கைகொடுக்கிற இடம் இது. அலையை வரைந்து பிரிண்ட் எடுத்தேன். அதையே இடவலமாகத் திருப்பி இன்னொரு பிரிண்ட். இரண்டையும் வெட்டி, முன்னதை ஒட்டியபின் ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பின்னதை ஓரத்தோடு ஓரம் பொருத்தினேன். இடவலம் ஒத்துப்போகாத உருவத்துக்குக் கையால் இதைச் செய்வது பெரும்பாடு. தண்ணீர்ப் பசை அக்ரிலிக்கில் ஊறாது, காய்ந்தால் உரிந்து வரும். அகலமான டபுள் சைடு டேப்பை இடைவெளி விடாமல் ஒட்டுவதே மேல். வெட்டிய அக்ரிலிக்கைத் துடைக்க ஸ்பிரிட், தின்னர் பக்கமே போகாதீர்கள்; லேசர் பட்ட ஓரங்களில் மயிரிழை விரிசல் ஓடும். சோப்புத் தண்ணீர், மெல்லிய பருத்தித் துணி, போதும். மேலே ஒட்டியிருக்கும் காப்புத் தாளை ஒட்டுகிற நேரம் வரை உரிக்காமலே வைத்திருங்கள்.

இரண்டாவது அக்ரிலிக் பக்கம் தசாவதாரத்துக்கு. ஒட்டுவதற்கு ஒன்றுமில்லை, லேசரால் கோடுகளைச் செதுக்கச் சொன்னேன். செதுக்கிய கோடு வெண்மையாக, பனி படிந்தது மாதிரி இருக்கும். வெள்ளைத் தாளுக்கு முன்னால் வைத்தால் கண்ணுக்கே தெரியாது. பின்பக்கத்து அட்டைக்குக் கறுப்புத் தாள் ஒட்டியதும் மச்சமும் கூர்மமும் இருட்டிலிருந்து எழுந்து வந்தன. ராத்திரி நடக்கிற தசாவதாரத்துக்கு அது பொருத்தமாகவும் அமைந்தது.

நாள்காட்டித் தாள்களை ஆல்பத்தில் ஒட்டவில்லை. மலிவான மரக்கூழ்த் தாள். அதிலுள்ள அமிலம் தன்னையும் மஞ்சளாக்கி, பக்கத்தில் இருக்கும் படத்தையும் கெடுக்கும். 600 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்து, அப்பாவின் கையெழுத்தை மட்டும் பிரித்து எடுத்து, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளான ஓ.ஹெச்.பி. ஷீட்டில் கறுப்பில் அச்செடுத்தேன். அந்தப் "பச்சை" என்ற சொல் குதிரைப் பக்கத்தில் நிஜப் பச்சைப் பட்டுத் துணி ஓரத்தின்மேல் படிந்திருக்கிறது. மூலத்தாள்களைத் தனி உறையில் போட்டு பீரோவில் வைத்தாயிற்று. பழைய ஸ்டூடியோப் படங்களுக்கும் இதே மரியாதைதான். பளபளப்புத் தாளில் எடுத்த பிரிண்ட்டுகள் அக்ரிலிக்கோடு அழுந்திக் கிடந்தால் மழைக்கால ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும். நடுவே மெல்லிய ஃபோம் துண்டு கொடுத்து இடைவெளி விட்டிருக்கிறேன்.

தேனூர்ப் பக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. முன்பெல்லாம் அழகர் தேனூரில்தான் ஆற்றில் இறங்கினார், திருமலை நாயக்கர் காலத்தில்தான் மதுரைக்கு மாறியது என்று சொல்வார்கள். அவர் ஆண்டது 1623 முதல் 1659 வரை. அதைச் சின்ன எழுத்தில் மண்டபத்துத் தூணில் அச்சிட்டிருக்கிறேன், பேரப்பிள்ளைகள் படிக்கட்டும் என்று.

கோர்ப்பதற்கு ரிங். எந்த உருவமானாலும் எல்லாப் பக்கத்துக்கும் இடது ஓரம் நேராக, ஒரே உயரத்தில் இருக்கும்படி வரைந்தேன். துளைகளை ஒரு தனி லேயரில் பூட்டி எல்லா ஃபைலிலும் வைத்துவிட்டால் கோர்க்கும்போது பிசகாது. அக்ரிலிக்கில் கையால் டிரில் போட வேண்டாம், துளையையும் லேசரே போடட்டும்.

அப்பத்தா ஆல்பத்தை மடியில் வைத்துக்கொண்டு ஆற்றுப் பக்கத்தை முன்னும் பின்னும் பத்துத் தடவை புரட்டியது. "எல்லாம் சரித்தா, சக்கரைச் சொம்பு எங்க?" என்றது. அப்பத்தா வருஷா வருஷம் அழகருக்குச் சர்க்கரை நிறைத்த சொம்பில் சூடம் ஏற்றிக் காட்டும். நான் அந்தப் படத்தைக் குதிரைப் பக்கத்து ஓரத்தில் சின்னதாக வைத்திருந்தேன், கண்ணுக்கு எட்டவில்லை போல. ரிங் ஆல்பம் என்பதால் திறந்து ஒரு பக்கம் நுழைத்துக்கொள்ளலாம். சொம்பு உருவத்தை வரைந்துகொண்டிருக்கிறேன். அட்டைதான், அக்ரிலிக் இல்லை. அதன் பின்னால் எட்டிப் பார்க்க ஒன்றுமில்லை.