சொன்ன வேலையில் எவ்வளவு முடிந்தது: சைட் நாட்குறிப்பு

மார்ச் 3, திங்கள்

இந்த வாரத்திலிருந்து, கட்டட வேலையைச் செய்பவர்களையே வாரத் திட்டம் போடவைக்கும் லாஸ்ட் பிளானர் முறைப்படி பி.பி.சி. (பெர்சென்ட் பிளான் கம்ப்ளீட்) எடுக்கிறோம். கணக்கு சுலபம்தான்: இந்த வாரம் முடிப்பதாக ஒப்புக்கொண்ட வேலைகளில் எத்தனை முழுதாக முடிந்தன, அதன் சதவீதம். முக்கால்வாசி ஆச்சு, கொஞ்சம்தான் பாக்கி என்ற பேச்சுக்கே இடமில்லை, முடிந்தால் 1, இல்லாவிட்டால் 0. மேஸ்திரியோ சப்-கான்ட்ராக்டரின் சூப்பர்வைசரோ, யார் வேலையை முடிக்கப்போகிறாரோ அவரே வாய்திறந்து "முடிப்பேன்" என்றால்தான் பட்டியலில் ஏறும். ஆபீஸில் எழுதி நீட்டினால் செல்லாது.

மார்ச் 8, சனி

20க்கு 11, அதாவது 55 சதவீதம். இந்த முறையை உருவாக்கிய கிளென் பல்லார்டும் கிரெக் ஹோவெல்லும் 1990களில் அளக்க ஆரம்பித்தபோதும் பாதியைச் சற்றே தாண்டித்தான் வந்தது என்று சொன்னேன், யாரும் ஆறுதலடைந்த மாதிரி தெரியவில்லை.

சண்டை வந்தது இரண்டாம் தளத் தடுப்புச்சுவருக்காக. மேல்வரிசை மட்டும் பாக்கி. "இதுக்குமா பூஜ்யம் போடுவீங்க?" என்றார் மேஸ்திரி. போட்டேன். அந்த வரிசை ஏறாமல் எலக்ட்ரீஷியன் பைப் புதைக்க முடியாது, அவர் முடிக்காமல் பூச்சுக்காரர் உள்ளே வர முடியாது, அப்புறம் அதை எப்படி முடிந்த வேலை என்பது?

மார்ச் 10, திங்கள்

முடியாத ஒன்பதுக்கும் காரணம் எழுதினோம். எல்லாரும் ஆள் பற்றாக்குறை என்றுதான் நினைத்திருந்தார்கள். அப்படி வந்தது ஒன்றே ஒன்று. பொருள் வராதது நான்கு, முந்தைய வேலை முடியாதது இரண்டு, டிராயிங் சந்தேகத்துக்குப் பதில் வராதது இரண்டு. பொருள் ஏன் வரவில்லை? ஆர்டர் தாமதம். அது ஏன்? டிராயிங் ஒப்புதல் தாமதம். வரும் ஆறு வார வேலைகளுக்கு என்ன தேவை என்று முன்கூட்டியே பார்க்கும் முன்பார்வைத் திட்டத்தை ஒழுங்காகப் பார்த்திருந்தால் இது முன்பே கண்ணில் பட்டிருக்கும்.

மார்ச் 22, சனி

90 சதவீதம்! மேனேஜருக்கு ஏக சந்தோஷம், எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஒப்புக்கொண்டதே பத்து வேலைதான், அதில் இரண்டு சைட் கிளீனிங். ஸ்லாப் வேலை ஒன்றுகூடப் பட்டியலில் இல்லை. எது முக்கியமான வேலை, எது உப்புக்குச் சப்பாணி என்று பி.பி.சி.க்குத் தெரியாது, அது சொன்ன சொல்லை மட்டும்தான் அளக்கும். அதனால் பக்கத்தில் இன்னொரு எண்ணும் போடப்போகிறேன்: இந்த வாரப் பட்டியலில் உள்ளவற்றில் எத்தனை, இரண்டு வாரம் முன்பே முன்பார்வைத் திட்டத்தில் இருந்தன என்று.

மார்ச் 24, திங்கள்

பி.பி.சி.யை வைத்துப் போனஸ் தரலாம் என்று மேனேஜர் ஆரம்பித்தார். அப்படிச் செய்தால் அடுத்த வாரம் கிளீனிங் மட்டும்தான் பட்டியலில் இருக்கும் என்றேன், சரி, பார்ப்போம் என்று விட்டுவிட்டார்.

மூன்றாம் தள சென்ட்ரிங்கை (கான்கிரீட் ஊற்றப் பலகை அடிக்கும் வேலையை) இந்த வாரமே முடிக்கச் சொல்லிக் கேட்டபோது, "பிளைவுட் வரலை சார், எழுதாதீங்க" என்று மேஸ்திரி முகத்துக்கு நேராகச் சொன்னார். எழுதவில்லை. வேலைக்குத் தடையாக இருப்பவற்றை எழுதிவைக்கும் தடைப் பட்டியலில் பிளைவுட் ஏறியது, எதிரே பர்ச்சேஸ்காரர் பெயரும் வியாழக்கிழமை என்ற கெடுவும்.