கத்தரிச் சத்தம்

"என்னம்மா சத்தம் அது?"

"கத்தரி மேம்."

"வகுப்பு நேரத்துல என்ன வெட்டுற?"

"இலை மேம்."

அதோடு விட்டிருக்கலாம். எங்கள் பக்கம் இலை என்றால் பீடி இலைதான், என்ன இலை என்று யாரும் கேட்க மாட்டார்கள். நான் விடவில்லை. "வகுப்பு முடிஞ்சப்புறம் வெட்டக்கூடாதா? ஒரு மணி நேரந்தானே?" என்றேன். கூகுள் மீட்டில் இன்னும் 58 பேர் இருந்தார்கள். "சாயங்காலத்துக்குள்ள கடையில போடணும் மேம்" என்றாள். மைக் அணைந்தது. சாட்டில் யாரோ ஒரு பையன் சிரிக்கிற பொம்மை போட்டான். நான் அடுத்த ஸ்லைடுக்குப் போனேன்.

2020 அக்டோபர். பி.காம். மூன்றாம் ஆண்டு, காஸ்ட் அக்கவுண்டிங், கூலி முறைகள். அன்று நடத்தியதில் மற்றதெல்லாம் மறந்துவிட்டது. இந்த ஆறேழு வரி மட்டும் போகவில்லை.

அவளை ஏன் கூப்பிட்டேன் என்பதைச் சொல்ல வேண்டும். ஆன்லைனில் பிள்ளைகளைப் பிடித்து வைப்பது எப்படி என்று அந்த வருடம் நாங்கள் எல்லோரும் மாற்றி மாற்றிப் பயிற்சி எடுத்தோம். எட்எக்ஸ் என்ற இணையப் பாடத் தளத்தின் பாடங்களில் 69 லட்சம் வீடியோ பார்வைகளை ஆராய்ந்து 2014இல் வந்த ஒரு கட்டுரையை அதில்தான் தெரிந்துகொண்டேன். வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் பெரும்பாலும் ஆறு நிமிடத்துக்கு மேல் ஆள் நிற்பதில்லை என்கிறது அது. எனக்கு அது சரியாகப் பட்டது, இன்றும் படுகிறது. 50 நிமிடப் பாடத்தைத் துண்டு துண்டாக வெட்டினேன். ஒவ்வொரு துண்டுக்குப் பிறகும் ஒரு கேள்வி. கூகுள் ஃபார்ம் லிங்க் சாட்டில் விழும், அழுத்த வேண்டும். இன்டர்னல் 25இல் ஐந்து மதிப்பெண் அதற்கு. ராத்திரி உட்கார்ந்து யார் அழுத்தினார்கள், யார் அழுத்தவில்லை என்று பட்டியல் எடுப்பேன். அவள் பெயருக்கு நேரே மூன்று வாரமாகக் காலி.

ஆள் மட்டும் 11.30க்கு டாண் என்று உள்ளே வந்துவிடுவாள், கடைசி வரை இருப்பாள். ஃபோனைப் போட்டுவிட்டு வேறு வேலை பார்க்கிறாள் என்று முடிவு கட்டினேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கேட்டேன்: ஹால்சி, ரோவன், டெய்லர், இந்த மூன்று கூலி முறைகளில் குறைந்தபட்சக் கூலிக்கு உத்தரவாதம் இல்லாதது எது?

"டெய்லர் மேம்."

யோசிக்கவே இல்லை. பதில் சரி. அந்த இடத்தில் "நல்லதும்மா" என்று சொல்லிவிட்டு நகர்ந்திருந்தால் இதை எழுத வேண்டியிருக்காது. அந்த ஒரு நொடியில்தான் கத்தரிச் சத்தம் கேட்டது.

என் பக்கத்திலும் நியாயம் இருந்தது என்று பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறேன். எல்லோருக்கும் ஒரே விதி. ஒருத்திக்குத் தளர்த்தினால் மீட்டை ஓடவிட்டு கிரிக்கெட் ஆடப் போகிற பையனை எப்படிக் கேட்பது? பக்கத்தில் யாராவது பதில் சொல்லிக் கொடுத்திருக்கலாமே என்றும் அப்போது தோன்றியது. இதெல்லாம் சரிதான். ஆனால் எனக்குத் தெரியாத விஷயமா அது? என் அத்தை முக்கூடலில் முப்பது வருடம் பீடி சுற்றியவர். மடியில் தட்டு, பக்கத்தில் ரேடியோ. கை தன் பாட்டுக்கு இலையில் தூளை வைத்து, உருட்டி, முனையை மடக்கி, நூலைச் சுற்றும். கண்கூட அங்கே இருக்காது. காது முழுக்க இலங்கை வானொலியில் இருக்கும். மத்தியானம் கேட்ட நாடகத்தை ராத்திரி ஒரு வரி விடாமல் எங்களுக்குச் சொல்லுவார். கை வேலையில் இருக்கும்போது காது எவ்வளவு திறந்திருக்கும் என்று சின்ன வயதிலேயே பார்த்தவள் நான்.

நான் கேட்டது காதை இல்லை, கையை. அதுதான் இப்போது உறுத்துகிறது. ஈர இலையும் புகையிலைத் தூளும் ஒட்டிய விரலை ஒவ்வொரு தடவையும் துடைத்து, லிங்க்கைத் தொட்டு, ஃபார்ம் திறக்கக் காத்திருந்து, திரும்ப மீட்டுக்கு வருவதற்குள் அடுத்த துண்டு ஆரம்பித்திருக்கும். மெமரி குறைந்த ஃபோனில் மீட்டே அறுந்துபோகும். நாளைக்கு 2 ஜிபி என்று அரசு டேட்டா கார்டு கொடுத்தது அடுத்த ஜனவரியில்தான். இதையெல்லாம் அவள் என்னிடம் சொல்லவில்லை. நானாக யோசித்துக் கண்டுபிடித்தது. அதனால் இது உண்மைதானா என்றும் தெரியாது. வெறுமனே பிடிக்காமல்கூட அழுத்தாமல் விட்டிருக்கலாம்.

அடுத்த வாரம் ஃபார்மை நிறுத்தினேன். கேள்வியை வாயால் இரண்டு தடவை சொல்வேன். பத்து நொடி சும்மா இருப்பேன். பதிலை ராத்திரிக்குள் வாட்ஸாப்பில் குரலாக அனுப்பினால் போதும் என்றேன். பத்து மணிக்கும் பதினொரு மணிக்கும் வந்தன. ஒன்றில் தறிச் சத்தம், ஒன்றில் பால் குடிக்கிற பிள்ளையின் அழுகை, ஒன்றில் பஸ் கண்டக்டர் குரல். ஃபார்ம் அழுத்தியவர்கள் 41 பேர். குரல் அனுப்பியவர்கள் முதலில் 25, போகப் போக 14. துறையில் உடன் வேலை பார்ப்பவர், "நாக் வரும்போது எந்தக் கணக்கைக் காட்டப் போறீங்க?" என்று கேட்டார். நாக் (NAAC) என்பது கல்லூரிகளுக்குத் தரம் போடுகிற அமைப்பு. அவர் கேட்டதிலும் தப்பில்லை. பயிற்சியில் சொன்ன அளவுகோல்படி நான் செய்தது பின்னடைவுதான்.

அந்த 41ஐயும் ஒருநாள் உட்கார்ந்து பார்த்தேன். மூன்று பையன்களின் பதில்கள் எப்போதும் சில நொடி இடைவெளியில் வந்திருந்தன. ஒரே தப்பு, ஒரே எழுத்துப்பிழை. ஒருவனே மூன்று பேருக்கும் அழுத்தியிருக்கிறான். மூவருக்கும் ஐந்துக்கு ஐந்து போட்டு வைத்திருந்தேன்.

அவளிடமிருந்து குரல் வரவே இல்லை. 11.30க்கு வருவது மட்டும் மாறவில்லை. மைக்கை அதற்குப் பிறகு திறக்கவில்லை. நானும் கூப்பிடவில்லை. மரியாதையா, பயமா, எனக்கே தெரியவில்லை.

டிசம்பர் 7ஆம் தேதி கல்லூரி திறந்தது. முகக்கவசத்தோடு மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நான் போர்டில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது, நோட்டின் ஓரத்தைக் கட்டைவிரல் மெல்ல உருட்டி, மடக்கி, விட்டு, மறுபடி உருட்டிக்கொண்டிருந்தது. வகுப்பு முடிந்து வராந்தாவில் எதிரே வந்தாள். "படிப்பு எப்படிம்மா போகுது?" என்றேன். "நல்லா போகுது மேம்." கேட்க நினைத்தது அதுவல்ல. பின்னால் மூன்று பேர் நின்றார்கள். ஒரு தடவை பலர் முன்னால் பேசியது போதாதா என்று இருந்தது. அப்புறம் தனியாக ஒரு நேரம் வாய்க்கவில்லை. வாய்க்கவில்லை என்பதா, நான் தேடவில்லை என்பதா.

இன்டர்னல் மதிப்பெண் ஏற்றும்போது அந்த ஐந்தை 59 பேருக்கும் முழுதாகப் போட்டுவிட்டேன். அதுதான் சரி என்று நினைத்தேன். பட்டியலை ஒட்டிய அன்று சாயங்காலம் ஒரு மாணவி ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றாள். பாளையங்கோட்டையிலிருந்து வருகிறவள். ஒரு ஃபார்ம்கூட விட்டதில்லை. வீட்டில் இருந்த ஒரே ஃபோனைத் தம்பியிடமிருந்து சண்டை போட்டு வாங்கி அழுத்தியதாக முன்பு ஒருமுறை சொல்லியிருந்தாள்.

"எல்லாருக்கும் அஞ்சா மேம்?"

"ஆமாம்மா."

"அப்போ நாங்க எதுக்கு மேம் தினமும் அழுத்துனோம்?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டாள்.