ஸ்ரோவ்வில்லில் ஒரு குழாய்க் கிணறு

கனடாவில், ரொறன்ரோவுக்கு வடக்கே இருக்கும் ஸ்ரோவ்வில் எங்கள் ஊர். 2022 மே 21, சனிக்கிழமை. விக்டோரியா நாளுக்காகத் திங்கட்கிழமையும் விடுமுறை. மதியம் திடீரென்று வானம் கறுத்தது. காற்று கொஞ்ச நேரம் சுழன்றடித்துவிட்டுப் போய்விட்டது. பக்கத்து ஊரான அக்ஸ்பிரிட்ஜில் அவசரநிலை அறிவிக்கும் அளவுக்குச் சேதம். எங்கள் வளவில் மேப்பிள் மரத்தின் பெரிய கொப்பு ஒன்று முறிந்தது, மின்சாரமும் போனது. அதற்கெல்லாம் நான் அசரவில்லை. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் ஜாம் போத்தல் விளக்கில் படித்தவன். கை கழுவலாம் என்று குழாயைத் திறந்தேன். ஒரு செருமல், பிறகு வெறும் காற்று. அப்போதுதான் உறைத்தது: எங்கள் தண்ணீர் ஊர்க் குழாயில் வருவதல்ல, நிலத்துக்கடியில் கிடக்கும் மோட்டார் இழுத்துத் தருவது. மின்சாரம் இல்லையென்றால் தண்ணீரும் இல்லை.

மூன்று நாள், மார்க்கம் நகரத்தில் இருக்கும் மச்சான் வீட்டிலிருந்து வாளி வாளியாக அள்ளி வந்தோம். “காசு கொடுத்துப் பஞ்சம் வாங்கியிருக்கிறாய்” என்றார் மச்சான். பதில் சொல்ல முடியவில்லை.

ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில் ஓர் அடுக்குமாடியில் இருபது ஆண்டுகள் இருந்த பிறகு, வெங்காயமும் மிளகாயும் நடுவதற்கு நிலம் வேண்டும் என்றுதான் இங்கே வந்தோம். விச்சர்ச்-ஸ்ரோவ்வில் என்பது முழுப்பெயர். 1804 இல் பென்சில்வேனியாவிலிருந்து வந்து குடியேறிய ஏபிரகாம் ஸ்ரோபரின் பெயர் அதற்குள் இருக்கிறது. பரப்பு ஏறத்தாழ 206 சதுர கிலோமீட்டர். 2021 கணக்கெடுப்பில் சனத்தொகை 49,864. பெரும்பாலானோர் பிரதான வீதியைச் சுற்றியுள்ள புது வீடுகளில்தான் நெருக்கமாக இருக்கிறார்கள். அவர்களுக்கு ஊர்க் குழாய் உண்டு, ரொறன்ரோவுக்கு ‘கோ’ ரயிலும் உண்டு. மிச்சமெல்லாம் வயல், காடு, குதிரைப் பண்ணை. நாங்கள் அந்த மிச்சத்தில், புளூமிங்டன் பக்கம் இருக்கிறோம்.

ரொறன்ரோ இவ்வளவு அருகில் இருந்தும் இந்த நிலம் ஏன் வீடுகளாகவில்லை என்று முதலில் எனக்கு விளங்கவில்லை. காரணம் காலுக்குக் கீழே இருந்தது. பனியாறுகள் பின்வாங்கியபோது விட்டுப்போன மணலும் பரலும் இங்கே மேடாகக் குவிந்திருக்கின்றன. கிழக்கு மேற்காக 160 கிலோமீட்டர் நீளும் அந்த மேட்டுக்கு ஓக் ரிட்ஜஸ் என்று பெயர். மழையும் உருகும் பனியும் அதற்குள் இறங்கி, ஊற்றாகவும் ஓடையாகவும் வெளியே வருகின்றன. தெற்கே வழிவது ஒன்ராறியோ ஏரிக்கு, வடக்கே வழிவது சிம்கோ ஏரிக்கு. வீடுகள் பெருகாமல் இந்த மேட்டைக் காக்க 2001 இல் மாகாண அரசு தனிச் சட்டமே போட்டது. ஸ்காபரோவில் சாப்பாடு கட்டிக்கொண்டு போய் உட்கார்ந்திருந்தோமே ரூஜ் ஆற்றங்கரை, அந்த ஆறு தொடங்குவதும் இந்த மேட்டில்தான். அத்தனை காலம் அதன் கால்மாட்டில் இருந்திருக்கிறோம்.

அம்மா வந்து பார்த்தபோது முதலில் கேட்டது, “கிணறு எங்கே?” புல்லுக்கு மேல் முழங்கால் உயரத்துக்கு நிற்கும் இரும்புக் குழாயையும் அதன் மூடியையும் காட்டினேன். சுற்றி ஒரு தரம் நடந்தார். துலா இல்லை, கப்பி இல்லை, எட்டிப் பார்க்கத் தண்ணீர் இல்லை. “இதையா கிணறு என்கிறாய்?” என்றார். சுண்ணாம்புக் கல் வெட்டிய கிணற்றில் தண்ணீர் ஏறுவதையும் இறங்குவதையும் கண்ணால் பார்த்து வளர்ந்தவர் வேறு என்ன கேட்பார்?

தண்ணீரின் கடினத்தன்மையைக் குறைக்கும் இயந்திரத்துக்கு நான் மூட்டையை அவிழ்த்து உப்புக் கொட்டியதையும் பார்த்துவிட்டார். உவர் ஏறிய கிணற்றைக் கைவிட்ட ஊர் எங்களுடையது. “உப்புப் போட்டா தண்ணீரை நல்லதாக்குகிறீர்கள்?” உப்பு, இயந்திரத்துக்குள் கடினத்தன்மையைப் பிடித்துக்கொள்ளும் பிசின் மணிகளைக் கழுவத்தான், தண்ணீரில் கரைக்க அல்ல என்று விளக்கினேன். நம்பியதாகத் தெரியவில்லை.

கிணற்றுத் தண்ணீரில் கிருமி உண்டா என்று ஒன்ராறியோவில் இலவசமாகவே சோதித்துத் தருகிறார்கள். சுகாதாரப் பிரிவில் ஒரு சிறு போத்தல் கிடைக்கும். குழாய் வாயிலுள்ள வலைச்சல்லடையைக் கழற்றி, வாயைத் துடைத்து, இரண்டு மூன்று நிமிடம் தண்ணீரை ஓடவிட்டு, போத்தலில் கோடு வரை பிடிக்க வேண்டும். நான் யாழ்ப்பாணத்து வழக்கப்படி போத்தலை முதலில் நன்றாக அலசினேன். எந்தப் பாத்திரத்தையும் அலசாமல் தண்ணீர் பிடித்தால் வீட்டில் அடிதான் விழும். பக்கத்து வளவுக்காரர், எழுபது தாண்டிய விவசாயி, பார்த்துவிட்டுச் சிரித்தார். அடியில் கிடந்த வெள்ளைத் தூள் அழுக்கு அல்லவாம். தண்ணீரில் குளோரின் இருந்தால் அதை முறிப்பதற்காகப் போட்டதாம். மறுபடி போய் இன்னொரு போத்தல் வாங்கி வந்தேன். இப்போது ஆண்டுக்கு மூன்று தரம் பிடித்துக் கொடுக்கிறேன்.

கழிவும் எங்கள் பொறுப்புத்தான். வளவுக்குள்ளேயே தொட்டி. குழாய்க் கிணற்றுக்கும் அதற்கும் குறைந்தது 15 மீட்டர் இடைவெளி இருக்க வேண்டும் என்பது விதி. இதைச் சொன்னபோதுதான் அம்மா முதன்முறையாக இந்த நாட்டை மெச்சினார். ஊரில் மதிலுக்கு இந்தப் பக்கம் எங்கள் கிணறு, அந்தப் பக்கம் அயலவரின் மலக்குழி. ஆயுள் முழுக்க அவருக்கு அந்தச் சண்டை. பொரித்த எண்ணெயைக் கழுவுதொட்டியில் ஊற்றக்கூடாது என்ற சட்டம் மட்டும் எங்கள் சமையலறையில் இன்னும் முழுதாக அமலுக்கு வரவில்லை.

கழிவுத் தொட்டியை மூன்று முதல் ஐந்து ஆண்டுக்கு ஒரு தரம் உறிஞ்சி எடுக்க வேண்டும். பனி விழுந்துவிட்டால் மூடி எங்கே என்று தெரியாது, இப்போதே அடையாளம் வை என்றார் பக்கத்து வளவுக்காரர். கராஜில் சும்மா கிடந்த கனமான கல் ஒன்றைத் தூக்கி வைத்தேன். அது அம்மாவின் அம்மி. அடுத்த நாள் காலையில் அவர் எழும்பி யன்னலால் பார்த்தார்.

இப்போது அந்த இடத்தில் ஒரு சிவப்புக் கம்பு நிற்கிறது. அம்மியை நான்கு தரம் கழுவினோம், கிணற்றுத் தண்ணீரால்தான்.